உதவி கேட்டு எழுதிய கடிதங்களில் கிடைத்த நாவலாசிரியைகள்

கேள்வி இது: “ஆங்கில ரொமாண்டிக் காலம் என்றால் ஐந்தாறு ஆண் கவிஞர்களைச் சொல்கிறார்கள். நாவல் என்றால் வால்டர் ஸ்காட். பெண் என்றால் ஜேன் ஆஸ்டின், மிஞ்சினால் மேரி ஷெல்லி. வேறு பெண்கள் எழுதவே இல்லையா? எழுதியிருந்தால் ஏன் ஒரு பெயரும் நம் காதில் விழவில்லை? தேடிப் படிக்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது?”

எழுதினார்கள். ரொமாண்டிக் காலம் என்பது சுமார் 1780 முதல் 1830 வரை. அதில் பல வருடங்கள் ஆண்களைவிட அதிகமாகவே எழுதினார்கள். 1810-களில் பிரிட்டனில் வெளியான நாவல்களில், எழுதியவர் யார் என்று தெரிந்தவற்றை மட்டும் எடுத்து எண்ணினாலும் பெண்கள் எழுதியவைதான் கூடுதல். 1820-களில்தான் ஆண்கள் முந்துகிறார்கள். ஆக, ஆஸ்டின் ஆளில்லாத இடத்தில் தனியாக உட்கார்ந்து எழுதியவர் இல்லை. நெரிசலான சந்தையில் ஒரு மூலையில் கடை போட்டிருந்தவர். அந்தச் சந்தையில் அவரைவிட நன்றாக விற்றவர்கள் பலர்.

இதற்குச் சாட்சி ஆஸ்டினேதான். ‘நார்தாங்கர் அபி’ நாவலின் ஐந்தாவது அத்தியாயத்தில் கதையை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வருகிறார். என்ன படிக்கிறாய் என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை, சும்மா நாவல்தான்’ என்று கூச்சப்பட்டுப் புத்தகத்தைக் கீழே வைக்கும் பெண்களைப் பார்த்து, அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறார். உதாரணமாகச் சொல்லும் மூன்று நாவல்கள் ‘சிசிலியா’, ‘கமில்லா’, ‘பெலிண்டா’. முதல் இரண்டும் பிரான்சஸ் பர்னி எழுதியவை, மூன்றாவது மரியா எட்ஜ்வொர்த் எழுதியது. மூன்றும் பெண்கள் கைவண்ணம்.

அடுத்த அத்தியாயத்தில் இன்னும் சுவாரசியமான ஒரு பட்டியல் வருகிறது. இஸபெல்லா என்ற பெண், தோழி கேத்தரினுக்குப் படிக்கச் சொல்லி ஏழு பேய்க்கதைப் புத்தகங்களின் பெயரை ஒப்பிக்கிறாள். ‘கேஸில் ஆஃப் வுல்ஃபன்பாக்’, ‘கிளெர்மான்ட்’, ‘மிஸ்டீரியஸ் வார்னிங்ஸ்’, ‘ஆர்ஃபன் ஆஃப் தி ரைன்’ என்று போகும். எல்லாம் பயங்கரமாக இருக்குமா, நிச்சயமாகப் பயங்கரமாக இருக்குமா என்று கேத்தரின் திரும்பத் திரும்பக் கேட்பாள். சிரிக்க வைக்கும் இடம். இந்தப் பெயர்களை ஆஸ்டின் கிண்டலுக்காகக் கற்பனை செய்தார் என்றே நெடுங்காலம் பல வாசகர்கள் நினைத்தார்கள். 1920-களில் மைக்கேல் சாட்லியர் என்ற பதிப்பாளர், பழைய புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர், இவற்றின் பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியபோதுதான் விஷயம் தெளிந்தது: ஏழும் அச்சில் வந்த உண்மையான புத்தகங்கள். அவற்றில் நான்கு பெண்கள் எழுதியவை. எலைசா பார்சன்ஸ் இரண்டு, ரெஜினா மரியா ரோஷ் ஒன்று, எலினர் ஸ்லீத் ஒன்று. 1968-இல் இந்த ஏழையும் ஒரே தொகுப்பாகத் திரும்ப வெளியிட்டபோது பதிப்பாசிரியராக இருந்தவர் பீகாரில் பிறந்து கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான தேவேந்திர வர்மா. பேய்க்கதை ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். நம்மூர் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் அவர் பெயரையும் சொல்வதில்லை என்பது என் தனி வருத்தம்.

அந்த ஏழில் ஆறு ஒரே பதிப்பகத்தில் வந்தவை: லண்டன் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா பிரஸ். (அதே தெருவில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகமும் இருந்தது. சென்னைக்கு உத்தரவு போன தெருவிலிருந்துதான் பேய்க்கதைகளும் போயின.) லேன் பதிப்பாளர் மட்டுமல்ல, சந்தா கட்டிப் புத்தகம் எடுத்துப்போகும் லெண்டிங் லைப்ரரியும் வைத்திருந்தார். வேறு ஊர்களில் லைப்ரரி தொடங்குகிறவர்களுக்கு மொத்தமாகப் புத்தகமும் அனுப்பினார். மூன்று வால்யூம் நாவலை விலை கொடுத்து வாங்கச் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டாது. அதனால் வாடகைக்கு எடுத்துப் படித்தார்கள். மினர்வாவுக்கு எழுதியவர்களில் பெண்கள் ஏராளம். சம்பளம் குறைவு, கேள்வி கேட்பவர் இல்லை, பெயர் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. விமர்சகர்களுக்கோ ‘மினர்வா’ என்றாலே குப்பை.

இனி, கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற பகுதிக்கு வருகிறேன். இந்தப் பெண்களை நாம் எப்படி மீண்டும் கண்டுபிடித்தோம்? அவர்களுடைய இலக்கியப் பெருமையை யாரோ பாதுகாத்து வைத்ததனால் அல்ல. பலரைப் பற்றித் தெரிந்ததற்குக் காரணம் பணக் கணக்கு: கையெழுத்துப் பிரதியை விற்ற ரசீது, சந்தாதாரர் பட்டியல், எல்லாவற்றுக்கும் மேலாக உதவி கேட்டு எழுதிய கடிதங்கள்.

1790-இல் லண்டனில் லிட்டரரி ஃபண்ட் (பின்னாளில் ராயல் லிட்டரரி ஃபண்ட்) என்ற நிதி தொடங்கியது. பிளேட்டோவை மொழிபெயர்த்த முதியவர் ஒருவர் கடனுக்காகச் சிறையில் கிடந்து செத்துப்போனதில் பிறந்த யோசனை அது. கஷ்டத்தில் இருக்கும் எழுத்தாளர்கள் விண்ணப்பம் போடலாம். தான் எழுத்தாளர்தான் என்று நிரூபிக்க, என்னென்ன எழுதினேன் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். அங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. ஊருக்குப் பெயரை மறைத்தவர்கள், பசி வந்தபோது நிதிக் கமிட்டியிடம் பெயரைச் சொன்னார்கள். அந்தக் கடிதங்கள் இன்று பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன.

மேலே சொன்ன எலைசா பார்சன்ஸ் அப்படி எழுதியவர். கணவர் டர்பன்டைன் வியாபாரி. 1782-இல் தீ விபத்தில் தொழில் போயிற்று, 1790-இல் கணவரும் போனார். எட்டுக் குழந்தைகளைப் பெற்றவர். அரண்மனையில் தையல் வேலை பார்த்துக்கொண்டே சுமார் 60 வால்யூம் எழுதித் தள்ளினார். கால் முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் எழுதுவதை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அடுப்பு எரியாது. ‘வுல்ஃபன்பாக்’ படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாவலாக அது சுமார்தான். முதல் வால்யூமில் பாழடைந்த கோட்டை, இரவில் சங்கிலிச் சத்தம் என்று நன்றாகத் தொடங்கி, பிறகு நடுக்கூடத்து உபசாரப் பேச்சாக நீண்டுவிடும். ஆனால் குடும்பப் பெரியவரே வேட்டையாடும்போது ஒரு பெண் எங்கே ஓடுவாள் என்ற பயம் மட்டும் நிஜம்.

இன்னொரு விண்ணப்பம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1789-இல் ‘ஹார்ட்லி ஹவுஸ், கல்கட்டா’ என்று ஒரு நாவல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்துக் கல்கத்தா. கப்பலில் வந்து இறங்கும் சோஃபியா என்ற பெண், லண்டனில் இருக்கும் தோழி அரபெல்லாவுக்கு எழுதும் கடிதங்களே நாவல். ‘ஆயிரக்கணக்கானவர்களின் கல்லறை’ என்று ஆச்சரியக்குறியோடு முதல் வரி தொடங்குகிறது. கீழ்த்திசையைப் பற்றித் தோழி சொன்ன பழிச்சொல் அது. அடுத்த மூச்சிலேயே, சரி, ஆனால் வற்றாத செல்வச் சுரங்கமும் இதுதானே என்று சோஃபியா திருப்புகிறாள். கம்பெனிக்காரர்கள் எதற்காகக் கப்பல் ஏறினார்கள் என்பதை இத்தனை சுருக்கமாகச் சொன்ன தொடக்கம் எனக்குத் தெரிந்து குறைவு. போகப் போக அவள் ஓர் இளம் பிராமணரிடம் இந்து மதம் பற்றிப் பாடம் கேட்கிறாள், அவர் மேல் மனம் சாய்கிறது, அவர் இறந்துவிடுகிறார். 1908-இல் இந்த நாவல் கல்கத்தாவிலேயே மறுபதிப்பு கண்டது. அப்போதும் அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை.

பெயர் இருந்த இடம் லிட்டரரி ஃபண்டின் கோப்பு. 1804-இல் ஃபீபி கிப்ஸ் என்ற பெண் வறுமையில் உதவி கேட்டு விண்ணப்பித்திருந்தார். 22 நூல்கள் எழுதியதாகச் சொல்லிக்கொண்ட அவர், அவற்றில் ஒன்றாக ‘ஹார்ட்லி ஹவு’ஸையும் குறிப்பிட்டிருந்தார். 2007-இல் இந்தியாவில் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில்தான் அவர் பெயர் உரிய இடத்தில் ஏறியது. உதவி தேவைப்படாத அளவுக்கு அவருக்கு வசதி இருந்திருந்தால் அந்த நாவலை எழுதியவர் யார் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

சிலருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. 1808-இல் வந்த ‘தி வுமன் ஆஃப் கலர்’ நாவலின் நாயகி ஒலிவியா, ஜமைக்கா தோட்ட முதலாளிக்கும் அவர் அடிமையாக வைத்திருந்த பெண்ணுக்கும் பிறந்தவள். அப்பா எழுதிய உயிலின்படி இங்கிலாந்து போய்ச் சொந்தக்காரனைக் கல்யாணம் செய்தாக வேண்டும். அந்த நாவலின் ஆசிரியருக்கு இன்றுவரை பெயர் இல்லை.

எல்லோரும் ஒரே விதமாக மறக்கப்படவில்லை. ‘மறந்துவிட்டார்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் மழை பெய்து அழிந்த கோலம் மாதிரி தோன்றும். சில கோலங்களைக் காலால் அழித்தார்கள்.

முதலாவது, அவதூறு. பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1797-இல் பிரசவத்துக்குப் பின் இறந்தார். அடுத்த வருடம் கணவர் வில்லியம் காட்வின், மனைவியின் காதல்களையும் தற்கொலை முயற்சிகளையும் ஒளிக்காமல் வாழ்க்கை வரலாறு எழுதினார். அன்பினால் எழுதியதுதான், விளைவு விபரீதம். புரட்சிக் கருத்துகளை எதிர்த்த ‘ஆன்டி ஜாக்கபின் ரிவ்யூ’ பத்திரிகை தன் பொருளடைவில் ‘விபச்சாரம்’ என்ற சொல்லுக்கு நேரே ‘மேரி வுல்ஸ்டன்கிராஃப்டைப் பார்க்க’ என்று அச்சிட்டது. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த, பெண்ணுக்கும் ஆசை உண்டு என்று எழுதிய அத்தனை பெண்கள் மேலும் அந்தச் சேறு தெறித்தது. மேரி ஹேஸ் தன் சொந்தக் காதல் கடிதங்களையே எடுத்துப் போட்டு ‘எம்மா கோர்ட்னி’ என்று 1796-இல் ஒரு நாவல் எழுதியிருந்தார். அவரைக் கேலிச்சித்திரமாக்கி 1800-இல் ஒரு நாவல் வந்தது; எழுதியவர் எலிசபெத் ஹாமில்டன், இன்னொரு பெண். அவரும் இன்று மறக்கப்பட்டவர்களில் ஒருவர் என்பது வேறு கதை.

இரண்டாவது, யார் பட்டியல் போடுகிறார்கள் என்பது. 1810-இல் கவிஞர் அன்னா பார்பால்ட், தலைசிறந்த பிரிட்டிஷ் நாவல்கள் என்று 50 வால்யூம் தொகுத்தார். 21 ஆசிரியர்களில் 8 பேர் பெண்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, 1821 முதல் 1824 வரை, ஸ்காட் முன்னுரைகளோடு இன்னொரு பெரிய தொகுப்பு வந்தது. அதில் பெண்கள் இருவர்: ஆன் ராட்கிளிஃப், கிளாரா ரீவ். ஸ்காட் கெட்டவர் இல்லை. தன் முதல் நாவலான ‘வேவர்லி’யின் கடைசி அத்தியாயத்தில் எட்ஜ்வொர்த்துக்குக் கடன்பட்டதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர். ஆனாலும் வரலாற்று நாவல் என்றால் ஸ்காட் என்று ஆகிவிட்டது. ‘வேவர்லி’க்கு நான்கு வருடம் முன்னால், 1810-இல், ஸ்காட்லாந்தின் விடுதலை வீரர் வில்லியம் வாலஸ் கதையை ‘ஸ்காட்டிஷ் சீஃப்ஸ்’ என்று எழுதிப் புகழ்பெற்ற ஜேன் போர்ட்டருக்கு இந்தக் குறை கடைசிவரை தீரவில்லை. (திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததைப் பிரம்மாண்டமான ஓவியமாக வரைந்து 1800-இல் லண்டனைத் திரளவைத்த ராபர்ட் கெர் போர்ட்டர் இவருடைய தம்பி.)

மூன்றாவது, மறுபதிப்பு. 1814-இல் எட்ஜ்வொர்த்தின் ‘பேட்ரனேஜ்’ நாவலுக்குப் பதிப்பாளர் கொடுத்தது 2,100 பவுண்டு. ராட்கிளிஃப்புக்கு 1797-இல் ‘தி இட்டாலியன்’ நாவலுக்குக் கிடைத்தது 800. ஆஸ்டின் 1803-இல் ‘நார்தாங்கர் அபி’யின் முதல் வடிவத்தை 10 பவுண்டுக்கு விற்றார், வாங்கியவர் அச்சிடவே இல்லை, 1816-இல் அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். வாழ்நாளில் அவர் சம்பாதித்தது ‘பேட்ரனேஜ்’ தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால் 1832-இல் ரிச்சர்ட் பென்ட்லி என்ற பதிப்பாளர் ஆஸ்டினின் உரிமைகளை மொத்தமாக வாங்கி, அடுத்த வருடம் ஆறு ஷில்லிங் மலிவுப் பதிப்பாகப் போட்டார். அதன்பின் ஆஸ்டின் கடைகளில் இல்லாமல் போனதே இல்லை. மினர்வா நாவல்களுக்கு அப்படி யாரும் வரவில்லை. லைப்ரரியில் கைமாறிக் கைமாறிக் கிழிந்து, எடைக்குப் போயின.

இங்கே ஒரு ஜெர்மன் அரண்மனை உள்ளே வருகிறது. வெஸ்ட்ஃபேலியாவில் கோர்வி என்ற பழைய மடம், பிறகு பிரபுக் குடும்பத்தின் மாளிகை. 1834-இல் இறந்த விக்டர் அமாதேயுஸ் என்ற பிரபுவுக்கு நாவல் பைத்தியம். லண்டனில் வெளியாகும் ஆங்கில நாவல்களைத் தராதரம் பார்க்காமல் வாங்கிக் குவித்திருந்தார். ஜெர்மன் தேசிய கீதத்தை எழுதிய ஹோஃப்மன் ஃபான் ஃபாலர்ஸ்லேபன்கூட அங்கே நூலகராக இருந்திருக்கிறார். 1980-களில் பாடர்போர்ன் பல்கலைக்கழகத்தார் உள்ளே போய்ப் பார்த்தால், பிரிட்டனிலேயே கிடைக்காத நாவல்கள் கிழியாமல் வரிசையாக நிற்கின்றன. ரசனையுள்ளவர் பொறுக்கி வாங்கியிருந்தால் இந்தப் பொக்கிஷம் இருந்திருக்காது. அந்த அலமாரிகளின் உதவியோடுதான் 1770 முதல் 1829 வரை வந்த ஆங்கில நாவல்களின் முழு அட்டவணை 2000-இல் வெளியாயிற்று. மேலே நான் சொன்ன ஆண் பெண் கணக்கும் அந்த உழைப்பில் வந்ததே.

யாராவது ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டுமென்றால் நான் ஷார்லட் ஸ்மித்தைத் தேர்ந்தெடுப்பேன். 1749-இல் பிறந்தவர். 15 வயதில் கட்டிவைத்தார்கள். 12 பிள்ளைகள் பெற்றார். கணவர் பெஞ்சமின் ஊதாரி, கோபக்காரர். மாமனார் பெரிய வியாபாரி, பார்படாஸில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்கள் உள்ளவர். மகனை நம்பாமல் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து சேரட்டும் என்று வக்கீலைக் கூப்பிடாமல் தானே ஓர் உயில் எழுதி, 1776-இல் இறந்தார். அந்த உயில் ஒரே சிக்கல். வழக்கு 1813 வரை நடந்தது. ஷார்லட் 1806-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1783 டிசம்பரில் கணவர் கடனுக்காகச் சிறைக்குப் போனபோது இவரும் கூடப்போய் இருந்தார். அங்கிருந்தபடியே கவிதைத் தொகுப்பை அச்சுக்கு அனுப்பினார். அது விற்ற பணம் வெளியே வர உதவியது.

1787-இல் கணவரைப் பிரிந்தார். ஆனால் அன்றைய சட்டப்படி மனைவி சம்பாதிப்பது கணவருக்குச் சொந்தம். எங்கேயோ இருந்த பெஞ்சமின் அவ்வப்போது வந்து, எழுதிக் கிடைத்த பணத்தை உரிமையோடு எடுத்துக்கொண்டு போவார். ஷார்லட் ஏறத்தாழ வருடத்துக்கு ஒரு நாவல் எழுதினார். 1793-இல் வந்த ‘தி ஓல்டு மேனர் ஹவுஸ்’ அவற்றில் சிறந்தது. ஒரு பெரிய வீடு. சொத்தை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லாமல் எல்லோரையும் ஆட்டிவைக்கும் கிழவி. ஏழைச் சொந்தக்காரப் பையன் ஒர்லாண்டோ. வீட்டு நிர்வாகி வளர்க்கும் அநாதைப் பெண் மோனிமியா. அவள் அறைக்குப் போகும் ரகசிய வழி. பேய் வருமா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். வருவது பேயில்லை, ஒளித்துவைத்த உயில். எழுதியவர் வாழ்க்கை தெரிந்தால் அந்த இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. நடுவில் ஒர்லாண்டோ அமெரிக்கப் போருக்குப் போவதும், எதற்காக இந்தச் சண்டை என்று அவனுக்குப் புரியாமல் போவதும் ஆஸ்டினில் நீங்கள் பார்க்கவே முடியாத பகுதி.

கவிஞர் வோர்ட்ஸ்வொர்த் முதுமையில் ஷார்லட்டைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார்: ஆங்கிலக் கவிதை இந்தப் பெண்ணுக்குப் பட்டிருக்கும் கடன் பெரியது, அதை யாரும் ஒப்புக்கொள்ளவோ நினைவில் வைத்திருக்கவோ போவதில்லை என்ற பொருளில். தீர்க்கதரிசனம்தான். ஆனால் அவரும் அந்த ஒரு குறிப்போடு நிறுத்திக்கொண்டார்.

சரி, எங்கே ஆரம்பிப்பது. முதலில் எட்ஜ்வொர்த்தின் ‘கேஸில் ராக்ரென்ட்’, 1800. நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அயர்லாந்தில் ஒரு ஜமீன் நான்கு தலைமுறையில் குட்டிச்சுவரான கதையை தேடி (Thady) என்ற விசுவாசமான கிழட்டு வேலைக்காரன் சொல்கிறான். எஜமானர்களைப் புகழ்ந்துகொண்டே அவன் சொல்வதிலிருந்து அவர்கள் லட்சணம் முழுக்க நமக்குத் தெரிந்துவிடும். கடைசியில் ஜமீன் அவனுடைய சொந்த மகன் கைக்கே போகிறது. ‘திங்கட்கிழமை காலை’ என்று கதை தொடங்கும். ஏன் திங்கள் என்றால், அயர்லாந்தில் எந்த நல்ல காரியத்தையும் திங்களன்றுதான் தொடங்குவார்கள் என்று பின்னிணைப்பில் நக்கலாக ஒரு விளக்கம். நாள் பார்க்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பிடிக்கும். அவருடைய ‘பெலிண்டா’வை எடுத்தால் 1801 முதல் பதிப்பாகப் பாருங்கள். அதில் ஜூபா என்ற கறுப்பின வேலைக்காரன் ஓர் ஆங்கிலேய விவசாயி வீட்டுப் பெண்ணை மணக்கிறான். 1810 பதிப்பில் மாப்பிள்ளையை மாற்றி, ஜேம்ஸ் ஜாக்சன் என்று யாரோ ஒருவனைப் போட்டுவிட்டார்.

பர்னியில் ‘எவலினா’, 1778. அப்பாவின் புத்தகங்களுக்குப் படியெடுத்துக் கொடுத்தவர் என்பதால் அச்சகத்தார் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, மாற்றுக் கையெழுத்தில் நாவல் முழுவதையும் பிரதியெடுத்து, தம்பியை வேஷம் போடவைத்து அனுப்பினார். கிடைத்தது 20 கினி, அதாவது 21 பவுண்டு. ‘சிசிலியா’வின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினால், ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ என்ற சொற்றொடர் பெரிய எழுத்தில் மூன்று தடவை வரும். ஆஸ்டின் தலைப்பை எங்கிருந்து எடுத்தார் என்று அதன்பின் யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘தி வாண்டரர்’ மட்டும் இப்போது வேண்டாம். ஐந்து வால்யூம், பொறுமையைச் சோதிக்கும்.

பிறகு ‘ஓல்டு மேனர் ஹவுஸ்’. இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் ‘ஹார்ட்லி ஹவுஸ்’, அதன் பிறகு சிட்னி ஓவன்சன் 1811-இல் எழுதிய ‘தி மிஷனரி’. போர்த்துகீசியப் பாதிரியார் ஒருவர் காஷ்மீரில் லக்ஷிமா என்ற பிராமணப் பெண்ணை மதம் மாற்றப் போய்க் காதலில் விழுகிறார். கவிஞர் பெர்சி ஷெல்லி சொக்கிப்போன புத்தகம். இந்தியாவை ஓவன்சன் நூலகத்தில் உட்கார்ந்துதான் பார்த்தார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும், அதுவே ஒரு வேடிக்கை.

எல்லாமே காப்புரிமை தீர்ந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவ், புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணையதளங்களில் பெரும்பாலானவை இலவசம். ஹாம்ப்ஷயரில் ஆஸ்டினின் அண்ணன் வீடாக இருந்த சாட்டன் ஹவுஸ் இன்று பெண் எழுத்தாளர்களுக்கான நூலகம். சில அரிய நாவல்களை இணையத்திலேயே தந்திருக்கிறார்கள். 1800-க்கு முந்தைய பதிப்பை ஸ்கேனில் படித்தால் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் சிறிய ‘எஸ்’ எழுத்தெல்லாம் ‘எஃப்’ மாதிரி இருக்கும். ‘சிஸ்டர்’ என்பது ‘ஃபிஃப்டர்’ என்று தெரியும். பத்துப் பக்கம் எரிச்சலாக இருக்கும். பதினோராவது பக்கத்தில் கண் பழகிவிடும்.